ஆற்றுக்கு யார் தக்கார்?

தில்லியின் லக்ஷ்மிபாய் நகர், சரோஜினி நகர், கித்வாய் நகர் என்று சுற்றுவட்டாரக் குடியிருப்புகளிலிருந்து விடுமுறை நாள் தூக்கத்தைத் தியாகம் செய்துவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, கடைசி வரிசையில் உட்கார்ந்து கடிகாரம் பார்த்துக்கொண்டிருக்கும் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளே!

இயற்கைக்குச் சட்ட உரிமை என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும், கன்றுக்காக மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனையும் சொல்லி, நாலு கைத்தட்டு வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம். அதைச் செய்யப்போவதில்லை. பாரி தந்தது கொடை. கொடுப்பவன் போனால் கொடையும் போயிற்று. பாரிக்குப் பின் பறம்பு மலை என்ன ஆயிற்று என்பது உங்களுக்கே தெரியும். இன்று உலகத்தில் கேட்கப்படுவது வேறு. ஓர் ஆறு, ஒரு காடு, ஒரு விலங்கு தன் பெயரிலேயே நீதிமன்றப் படியேற முடியுமா? யாருடைய தயவும் இல்லாமல் 'இது என் உரிமை' என்று கேட்க முடியுமா?

சிரிக்கிறீர்கள். சிரிப்பதற்கு முன் ஒரு வழக்கைக் கேளுங்கள். 1976-ல் அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில், பாழடைந்த சிவன் கோயிலுக்குப் பக்கத்தில் கொட்டகை போடக் குழி வெட்டினார் ஒரு கூலித் தொழிலாளி. மண்வெட்டியில் தட்டுப்பட்டார் நடராஜர். தரகர் கை, வியாபாரி கை என்று மாறி மாறி அந்தச் சிலை லண்டன் போய்ச் சேர்ந்தது. கனடா நாட்டு எண்ணெய்க் கம்பெனி ஒன்று விலை கொடுத்து வாங்கியது. பழுது பார்க்கக் கொடுத்திருந்த இடத்தில் ஸ்காட்லாந்து யார்டு போலீஸ் பிடித்தது. வழக்கு நடந்தது. சிலையைக் கேட்டு வந்தவர்களின் பட்டியலைப் பாருங்கள்: இந்திய அரசு, தமிழ்நாடு அரசு, பத்தூர்க் கோயில், அப்புறம் அந்தக் கோயிலில் கேட்பாரற்றுக் கிடந்த சிவலிங்கம்! ஆமாம், லிங்கமே கட்சிக்காரர். தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி லண்டனுக்குப் போய் நிபுணர் சாட்சியம் சொன்னார். 1988-ல் கோயிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பு. 1991-ல் மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு. இங்கிலாந்துச் சட்டத்தில் கோயில் நபர் இல்லை. ஆனால் இந்தியச் சட்டத்தில் நபர் என்றால் அங்கேயும் வழக்காடலாம் என்று வெள்ளைக்கார நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். நடராஜர் தமிழ்நாடு திரும்பினார்.

லிங்கம் வாய் திறந்து பேசியதா? இல்லை. கோயிலின் சார்பில் நின்றவர் 'தக்கார்'. அறங்காவலர் இல்லாத கோயிலுக்கு அறநிலையத் துறை நியமிக்கிற பொறுப்பாளரைத்தான் அப்படிச் சொல்கிறோம். அவருக்குப் பின்னால் ஓர் அரசு நின்றது. வக்கீல் கட்டணம் கொடுக்கப் பணம் இருந்தது. சாட்சி சொல்ல ஆள் இருந்தார். இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்ததே இதுதான். ஒன்றை நபர் என்று அறிவிப்பது சுலபம். தெய்வத் திருமேனி சட்டப்படி நபர் என்று 1925-லேயே லண்டன் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. நேற்றுப் பதிவான கம்பெனியும் நபர்தான். அந்த நபருக்குத் தக்கார் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இப்போது நம் யமுனைக்கு வருவோம். 2017 மார்ச் 20. நைனிதாலில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம், கங்கையும் யமுனையும் சட்டப்படியான நபர்கள் என்று தீர்ப்பளித்தது. மைனர் பிள்ளைக்குக் காப்பாளர் வேண்டுமே? நமாமி கங்கே திட்டத்தின் இயக்குநர், மாநிலத் தலைமைச் செயலாளர், அட்வகேட் ஜெனரல் ஆகிய மூவரும் பெற்றோர் ஸ்தானத்தில் இருந்து காக்க வேண்டும் என்றது. பத்து நாளில் கங்கோத்ரி, யமுனோத்ரி பனிப்பாறைகளும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. பத்திரிகைகள் கொண்டாடின. அடுத்து நடந்ததை நினைத்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தலைமைச் செயலாளரைக் காப்பாளராகப் பெற்றிருந்த அதே மாநில அரசு, 'இந்தப் பொறுப்பு எங்களால் ஆகாது' என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று! இந்த ஆறுகள் பல மாநிலங்கள் வழியே ஓடுகின்றன. நாளை வெள்ளம் வந்து யாராவது நஷ்டஈடு கேட்டால் எங்கள் தலைமைச் செயலாளர் பதில் சொல்வதா என்று கேட்டது. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. 2017 ஜூலை 7-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. யமுனை நபராக இருந்தது நான்கு மாதம்கூட இல்லை.

அதே மார்ச் 20-ஆம் தேதி, நியூசிலாந்தில் வாங்கனுயி ஆற்றை நபராக்கிய சட்டம் ஒப்புதல் பெற்றது. தேதி தற்செயலாக ஒத்துப்போனது, வேலை ஒத்துப்போகவில்லை. அங்கே மாவோரி மக்கள் அந்த ஆற்றுக்காக ஒரு நூற்றாண்டுக்கு மேல் போராடி, அரசோடு உட்கார்ந்து பேசி, நாடாளுமன்றத்தில் சட்டம் இயற்ற வைத்தார்கள். தக்கார் இரண்டு பேர். ஒருவரை அரசு நியமிக்கும், ஒருவரை ஆற்றங்கரை மக்கள் நியமிப்பார்கள். ஆற்றின் நலனுக்கென்று மூன்று கோடி நியூசிலாந்து டாலர் தனி நிதி. அரசே தவறு செய்தால் கேட்பதற்கு இன்னொருவர் இருக்கிறார். நம்மூர்த் தீர்ப்பில் அப்படி ஓர் ஆள் இல்லை. மூவருமே அரசைச் சேர்ந்தவர்கள். சாக்கடையை ஆற்றில் கலக்க விடுபவரும் அரசு, ஆற்றுக்காகப் பேச வேண்டியவரும் அரசு என்றால், யமுனை யார்மேல் வழக்குப் போடும்?

ஈக்வடார் நாடு 2008-லேயே அரசியல் சட்டத்தில் இயற்கைக்கு உரிமை எழுதி வைத்தது. அதை வைத்து 2021-ல் லோஸ் செத்ரோஸ் காட்டில் சுரங்கம் தோண்டும் அனுமதியையே அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் ரத்து செய்தது. வங்கதேசம் 2019-ல் நாட்டின் எல்லா ஆறுகளையும் நபர்கள் என்றது. அவற்றையெல்லாம் விரித்தால் பின்வரிசை எழுந்து போய்விடும். நம் வீட்டுக்கு வருவோம்.

2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஸ்ரீமதி, இயற்கை அன்னை உயிருள்ள நபர், அவளுக்கு ஒரு மனிதருக்குரிய எல்லா உரிமையும் உண்டு என்று தீர்ப்பெழுதினார். வழக்கு என்ன தெரியுமா? தேனி மாவட்டம் மேகமலையில் வன நிலத்துக்குப் பட்டா கொடுத்த வருவாய்த் துறை அதிகாரி ஒருவர், தமக்கு விதித்த கட்டாய ஓய்வை எதிர்த்துப் போட்ட வழக்கு. இயற்கைக்கு உரிமை அறிவித்த அதே தீர்ப்பு, அவருடைய தண்டனையை ஆறு மாத இன்கிரிமென்ட் நிறுத்தமாகக் குறைத்தது. சர்க்கார் குவார்ட்டர்ஸில் வாழ்ந்து பழகிய இந்தச் சபைக்கு, ஆறு மாத இன்கிரிமென்ட் என்றால் எவ்வளவு என்று நான் விளக்க வேண்டுமா? தீர்ப்பைக் குறை சொல்லவில்லை. அந்த வாசகம் ஒருநாள் உதவும். ஆனால் அந்த வழக்கில் மேகமலைக்கென்று ஒரு வக்கீல் இல்லை.

காளையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள். 2014-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தபோது விலங்குக்கும் கண்ணியமான வாழ்வுண்டு என்றது. 2017-ல் மெரினா நிரம்பியது, சட்டம் திருத்தப்பட்டது. 2023 மே 18-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டு என்று சொல்ல முன்னுதாரணம் இல்லை என்றும் சொன்னது. கவனித்தீர்களா? விலங்கு நல வாரியமும் காளையின் பெயரால்தான் பேசியது, மாட்டுக்காரரும் நாட்டு மாட்டு இனத்தின் பெயரால்தான் பேசினார். இருவரில் எவர் தக்கார் என்பதைக் கடைசிவரை யாரும் தீர்க்கவில்லை. என் கட்சி என்னவென்று கேட்டால், விளையாட்டு நடக்கட்டும். வாடிவாசலில் காளைக்காக மட்டுமே நிற்கும் ஒரு மருத்துவர், ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரத்தோடு, இருக்கட்டும்.

கடைசியாக நம் தெரு. முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்க ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போகிறோமே, எதிரில் தில்லி ஹாட். அதற்குக் கீழே ஓடுவது நாலா, அதாவது சாக்கடைக் கால்வாய். மூடிவிட்டதால் நாம் பார்ப்பதில்லை, மழைநாளில் மூக்கு மட்டும் கண்டுபிடிக்கும். இந்தப் பக்கத்து நாலாக்களெல்லாம் பாராபுல்லா வழியாக யமுனையில்தான் விழுகின்றன. வஜீராபாதிலிருந்து ஓக்லா வரை 22 கிலோமீட்டர். ஆற்றின் மொத்த நீளத்தில் இரண்டு சதவீதம்கூட வராது. அந்தத் துண்டில்தான் அழுக்கின் பெரும்பங்கு சேர்கிறது. அதில் நம் சமையலறைத் தண்ணீரும் இருக்கிறது.

2018-ஐ நினைத்துப் பாருங்கள். சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர், கஸ்தூர்பா நகர், தியாகராஜ் நகர், ஸ்ரீநிவாஸ்புரி, முகமதுபூர் ஆகிய ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துக் கட்ட, சுமார் 16,500 மரங்கள் போகும் என்றார்கள். வேம்பு, நாவல், மருதம், அரசு. ஜூன் மாத வெயிலில் மக்கள் சரோஜினி நகரில் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு மருத்துவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ஜூன் 25-ல் வெட்டு நின்றது. பிறகு கட்டட வரைபடங்களையே மாற்ற வேண்டி வந்தது. நௌரோஜி நகரில் மட்டும் அதற்குள் பெரும்பகுதி சாய்ந்துவிட்டது; இன்று அங்கே நிற்பது உலக வர்த்தக மையம். அந்த மரங்கள் எதையும் எந்தச் சட்டமும் நபர் என்று சொல்லவில்லை. தில்லி மரப் பாதுகாப்புச் சட்டம், 1994, அவ்வளவுதான் கையில் இருந்தது. நிற்க ஆள் இருந்ததால் மிச்ச மரங்களில் பல நின்றன.

இயற்கைக்கு நபர் தகுதி வேண்டாம் என்கிறேனா? வேண்டும். யமுனைக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் தீர்ப்பின் ஒரு வரியாக வேண்டாம். நாடாளுமன்றச் சட்டமாக வரட்டும். அரசுக்குக் கட்டுப்படாத தக்கார் ஒருவராவது இருக்கட்டும். வழக்காட நிதி இருக்கட்டும். அதைக் கேட்டுத் தீர்மானம் போட இந்தச் சபைக்கு உரிமை உண்டு, இன்றைக்கே போடலாம்.

சட்டம் வரும்வரை ஒரு வேலை சொல்கிறேன். மரத்தின் அடியைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டத்துக்கு சிமென்ட் இருக்கக் கூடாது என்று 2013-லேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தில்லிக்கு உத்தரவிட்டிருக்கிறது. வீட்டுக்குப் போகும் வழியில் பாருங்கள். கழுத்தை நெரித்தாற்போல் டைல்ஸ் பதித்த வேம்பு ஒன்றாவது கண்ணில் படும். பிள்ளைகளே, உங்கள் கையில் போன் இருக்கிறது. படம் எடுங்கள், பிளாக் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் வனத்துறையின் மர அதிகாரிக்கு ஒரு புகார் எழுதுங்கள். பைல் போடவும் நினைவூட்டுக் கடிதம் எழுதவும் வாழ்நாளெல்லாம் பழகியவர்கள் நீங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்தப் புகாரின் நகலைக் கையோடு கொண்டுவாருங்கள்.