மடக்குச் சன்னல் கதவு



கோலார் தங்கவயலில் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்று வந்தால் சயனைடு மேட்டு மண்ணும் கூடவே வரும். துவைத்துப் போட்ட துணியில் மண். பாயில் மண். சோற்றுத் தட்டில் மண்.

இந்த மேடு எப்படி வந்தது? பூமிக்கு அடியில் இருந்து கல்லை வெட்டி எடுத்தார்கள். மில்லில் போட்டு மாவாக அரைத்தார்கள். சயனைடு கரைசலை விட்டுத் தங்கத்தைப் பிரித்தார்கள். மிஞ்சிய மாவு மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வந்தது. அதன் பிறகு சுரங்க வேலை பெருகியது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போனது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். தங்கம் எடுப்பது நின்றது. மண் மட்டும் 3 கோடி டன்னுக்கு மேல் குவிந்து கிடக்கிறது.

ஒரு லைன் வீட்டின் கதையைக் கேளுங்கள்.

அந்த வீட்டில் ஒரு தாத்தா. சுரங்கத்தில் தண்டவாள வண்டி தள்ளியவர். கல் தூசி அவர் நெஞ்சில் படிந்துவிட்டது. டாக்டர்கள் அதைச் சிலிகோசிஸ் என்கிறார்கள். படிந்த தூசியை எடுக்க மருந்து இல்லை. இனிமேல் தூசி படாமல் பார்த்துக்கொள்ளத்தான் முடியும். மகன் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுவார். வீட்டில் மருமகளும் இரண்டு வயதுக் குழந்தையும் தாத்தாவும்தான்.

தாத்தாவின் கட்டில் சன்னல் ஓரத்தில் இருக்கிறது. அறை சின்னது. கட்டிலை வேறு பக்கம் போட இடம் இல்லை. சன்னலுக்குக் கம்பி மட்டும்தான். பழைய கதவு வெளிப்பக்கம் திறக்கும். சந்தில் போகிற பிள்ளைகள் தலையில் இடிக்கிறது என்று அதைக் கழற்றிவிட்டார்கள். பிறகு பிளாஸ்டிக் தாளை ஆணி வைத்து அடித்தார்கள். காற்று அதையும் கிழித்தது. ஒரு ஆடி மாதம் தாத்தா ராத்திரி முழுவதும் உட்கார்ந்தே இருந்தார். படுத்தால் இருமல். மருமகள் ஈரத் துணியைச் சன்னலில் கட்டிவிட்டுத் தூங்காமல் இருந்தார்.

மறுநாள் ஆண்டர்சன்பேட்டையில் இருந்து ஆசாரியை அழைத்து வந்தார்.

“உள்பக்கம் இரண்டு கதவு போடலாமே?” என்றார் மருமகள்.

ஆசாரி டேப்பைப் பிடித்துக் காட்டினார். “சன்னல் நாலு அடி அகலம். ஒரு கதவு இரண்டு அடி. கட்டில் ஒன்றரை அடியில் இருக்கிறது. திறந்தால் தாத்தா மேல்தான் வந்து நிற்கும், அம்மா.”

“அப்போ தள்ளுக் கதவு?”

“கீழே தண்டவாளம் வைத்தால் பத்து நாளில் மண் அடைத்துவிடும். அப்புறம் நகராது. மேலே தண்டவாளம் வைப்போம். நாலு பலகை. இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. இரண்டிரண்டாக மடியும். மடிந்தால் ஒரு அடிதான் உள்ளே வரும்.”

கல்யாண மண்டபத்தில் ஒரு பெரிய கூடத்தை இரண்டாக்க மடிப்புத் தட்டி வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். கடை வாசலில் இழுத்து மூடும் இரும்புக் கதவும் கொஞ்சம் அதே மாதிரிதான். அதைச் சன்னலுக்குச் சின்னதாகச் செய்வதுதான் இது.

முதலில் அளவு. இதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். பழைய சுவர் நேராக இருக்காது. சன்னலின் அகலத்தை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். எது குறைவோ அதுதான் கணக்கு. பிறகு மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு தடவை அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் சன்னல் சதுரமாக இருக்கிறது. வித்தியாசம் இருந்தால் கோணல்.

மருமகள் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்று ஒரு வருடம்தான் ஆகிறது. ஆசாரி அளவு சொல்லச் சொல்ல அவரே சீட்டில் எழுதினார். மேலே 1200 மில்லிமீட்டர். நடுவில் 1204. கீழே 1206. ஆசாரி அவசரத்தில் கடைசி அளவை எடுத்துக்கொண்டு கணக்குப் போடத் தொடங்கினார்.

“அண்ணா, மேலே 1200 என்று சொன்னீங்களே?”

ஆசாரி சீட்டை வாங்கிப் பார்த்தார். “ஆமாம்மா. நல்ல வேளை. மேலே போய் இடித்திருக்கும்.”

கணக்கு இப்படி. இரண்டு ஓரத்திலும் இடைவெளி வேண்டும். பலகைக்கும் பலகைக்கும் நடுவே மூன்று இடைவெளி. மொத்தம் ஐந்து. ஒவ்வொன்றும் 3 மில்லிமீட்டர் என்றால் 15. அதை 1200-ல் கழித்தால் 1185. நாலால் வகுத்தால் 296 சொச்சம். ஒரு பலகை 296 மில்லிமீட்டர் அகலம். உயரம் 1050 இருந்தது. தண்டவாளத்துக்கும் உருளைக்கும் மேலே 40 விட்டார். கீழே 8 விட்டார். பலகை உயரம் 1002. மேலே எவ்வளவு விட வேண்டும் என்பது வாங்குகிற உருளையைப் பொறுத்தது. அதனால் சாமானை முதலில் வாங்கிவிட்டுப் பலகையை அறுக்க வேண்டும்.

கடைக்காரர் பில்லைக் கன்னடத்தில் எழுதியிருந்தார். ஆனால் எண்கள் நமக்குத் தெரிந்த எண்கள்தான். மருமகள் பில்லையும் சீட்டையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தார்.

அடுத்தது மேலே என்ன இருக்கிறது என்று பார்ப்பது. முழு எடையும் மேலேதான் தொங்கும். ஒரு பலகை 3 கிலோ, 4 கிலோ வரும். நாலும் சேர்ந்தால் ஏறக்குறைய 15 கிலோ. தங்கவயல் சுவர்களுக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. சுரங்கம் ஓடிய காலத்தில் ஆழத்தில் பாறை வெடிக்கும். ‘ஏர் பிளாஸ்ட்’ என்பார்கள். மேலே வீடு குலுங்கும். பாத்திரம் உருளும். அப்படிக் குலுங்கிய சுவர்களில் பூச்சு உள்ளே விட்டுப்போய் இருக்கும். ஆசாரி சுவரில் ஒரு துளை போட்டுப் பார்த்தார். மண் மாவாகக் கொட்டியது. அதில் திருகாணி நிற்காது.

சன்னலுக்கு மேலே கல் பாளம் இருந்தது. அதில் நாலு துளை போட்டு, போல்ட்டு வைத்து, ஒரு மரச்சட்டத்தை இறுக்கினார். உயர அளவை அந்தச் சட்டத்தின் அடியில் இருந்துதான் எடுத்தார். சட்டத்தில்தான் தண்டவாளம்.

சட்டம் மட்டமாக இருக்கிறதா என்று தண்ணீர் டியூப்பை வைத்துப் பார்த்தார். தாத்தா கட்டிலில் இருந்தபடி சொன்னார். “வலது பக்கம் இறங்கி இருக்குப்பா.”

“இல்லையே தாத்தா.”

“இருபத்தெட்டு வருஷம் வண்டி தள்ளினவன் நான். தண்டவாளம் ஒரு நூல் சாய்ந்தாலும் வண்டி தானாகப் போகும்.”

ஆசாரி மறுபடியும் பார்த்தார். டியூப்பில் ஒரு காற்றுக் குமிழி இருந்தது! அதை வெளியே விட்டுப் பார்த்தால் வலது பக்கம் இறங்கித்தான் இருந்தது. சின்ன ஆப்பு வைத்துச் சரிசெய்தார். அப்படியே விட்டிருந்தால் கதவு தானாகவே ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்.

தண்டவாளத்தை இறுக்குவதற்கு முன்பே உருளைகளை அதற்குள் போட்டுவிட வேண்டும். சுவரில் இருந்து சுவர் வரை தண்டவாளம் நிற்கிறது. இறுக்கிய பிறகு உருளை போட வழி இல்லை. மறந்தால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதுதான்.

பலகைகளை இரண்டிரண்டாகத் தரையில் வைத்துக் கீல் அடித்தார். மடிப்பு அறைக்குள் வர வேண்டும். அதனால் கீலின் உருண்டைப் பகுதி கம்பிப் பக்கம் இருக்க வேண்டும். மாற்றி அடித்தால் கதவு கம்பியைப் பார்த்து மடியப் போகும், மடியாது. ஓரப் பலகை குடுமியில் சுற்றும். நம் பழைய வீட்டுக் கதவுகளிலும் குடுமிதானே இருந்தது. கீழே குடுமிக்கு ஒரு சின்னக் கிண்ணி போதும். இரண்டாவது பலகையின் மறு ஓரம் உருளையில் தொங்கும். அது நகர நகர இரண்டும் மடியும்.

இரண்டாம் நாள் மாலையில் கதவு தொங்கியது. மருமகள் ஒரு விரலால் தள்ளினார். மடிந்து ஓரமாகப் போய் நின்றது.

வேலை அதோடு முடியவில்லை. மேலே தண்டவாளத்தின் சந்து தெரிந்தது. தூசிக்கு அது போதும். அதை மறைக்க ஒரு பலகைப் பட்டை. நடுவில் இரண்டு கதவும் சேரும் இடத்தில் ஒரு மரப் பட்டை. கீழே 8 மில்லிமீட்டர் சந்துக்குக் கம்பளித் துணியை மடித்து ஒட்டினார். இதையெல்லாம் சில ஆசாரிகள் விட்டுவிடுவார்கள். கேட்டு வாங்க வேண்டும்.

“எண்ணெய் விடலாமா?” என்று மருமகள் கேட்டார்.

“வேண்டாம்மா. எண்ணெயில் மண் ஒட்டும். மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும். பலகையை ஈரத் துணியால் துடைங்க. விளக்குமாறு போட்டால் தூசி திரும்பத் தாத்தாகிட்டத்தான் போகும்.”

குழந்தை விரல் வைக்கிற இடம் மடிப்பு. அதனால் தாழ்ப்பாளை உயரத்தில் வைத்தார். இன்னொன்றையும் சொல்லிவிட்டுப் போனார். உள்ளே விறகோ கரியோ எரியும்போது எல்லாச் சன்னலையும் மூடக் கூடாது. புகையும் விஷக் காற்றும் வெளியே போக வழி வேண்டும். சமையல் பக்கம் உள்ள சந்து எப்போதும் திறந்தே இருக்கட்டும்.

தூசி முழுவதும் நின்றுவிட்டதா? இல்லை. வாசல் வழியாக வருகிறது. ஓட்டுச் சந்து வழியாக வருகிறது. தாத்தாவின் இருமலும் போகவில்லை. ஆனால் காற்று பலமாக அடித்த ஒரு ராத்திரி மருமகள் விழித்துப் பார்த்தார். கதவு லேசாகத் தடதடத்தது. தாத்தா படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

காலையில் மகன் ரயிலுக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டு அக்கா வந்து நின்றார். “அந்த அளவுச் சீட்டைக் கொஞ்சம் கொடும்மா. எங்க வீட்டுக்கும் இதே சன்னல்தான்.”

“இதே சன்னல்னாலும் நம்பாதீங்க அக்கா. மூணு இடத்தில் அளக்கணும்” என்று சொல்லி, மருமகள் டேப்பை எடுத்துக்கொண்டு அவருடன் நடந்தார்.