கிளினிக் நாளுக்கும் பேர் போட வேண்டும்
(எல்ல பிரதேசத் தோட்டக் கிளைகளின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த விஷயம் எங்களுக்கு முதலில் தெரிய வந்தது பாடசாலை வரவு இடாப்பில்தான். காலையில் பேர் கூப்பிடும்போது ஒரே பிள்ளை மாதத்தில் இரண்டு மூன்று நாள் இருக்காது. காய்ச்சலா என்று கேட்டால், "இல்ல டீச்சர், அம்மாயியோட கிளினிக் போனேன்" என்கிறது. கொப்பியில் எழுதியிருப்பது ஆங்கிலம், வாயால் சொல்வது சிங்களம். அம்மாயிக்கு இரண்டும் தெரியாது. ஆகவே பத்து வயதுப் பிள்ளை வகுப்பை விட்டுவிட்டு மொழிபெயர்க்கப் போகிறது.

அந்த அம்மாயியிடம் மூன்று கொப்பி இருக்கிறது. சீனி வருத்தத்துக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று. முழங்காலுக்குக் கொப்பி இல்லை, கடை மாத்திரைதான். மூன்று கொப்பிக்கும் மூன்று திகதி. இரத்தம் சோதிக்கும் நாளென்றால் விடியக் காலை நாலு மணிக்கு வெறும் வயிற்றோடு லயத்திலிருந்து இறங்கி, பஸ் பிடித்து, பதுளைக்கோ பண்டாரவளைக்கோ போக வேண்டும். திரும்பும்போது பின்னேரம். அன்றைக்குப் பேர் இல்லை.

2021 இல் 1000 ரூபா, 2024 இல் 1350 ரூபா என்று நாட்சம்பளத்துக்காக எத்தனை கூட்டம் போட்டோம்! கிளினிக் போகிற நாளில் அந்தச் சம்பளம் பூச்சியம்தான். மூன்று நாள் போனால் மூன்று பேர் போச்சு. அதனால் அம்மாயி ஒரு கிளினிக்கை விட்டுவிடுகிறார். எதை விடுவார்? வலிக்காததை விடுவார். பிரஷர் வலிக்காது, ஆகவே பிரஷர் கிளினிக் போகிறது. முழங்கால் வலிக்கும், கொழுந்துக் கிலோ குறைந்தால் அரைப் பேர் ஆகிவிடும். ஆகவே கடையில் வலி மாத்திரை வாங்குகிறார்.

இதில்தான் ஆபத்து இருக்கிறது. டைக்ளோபெனாக் போன்ற வலி மாத்திரை பிரஷரைக் கூட்டும். சீனியாலும் பிரஷராலும் ஏற்கெனவே அடிபட்ட சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். கடையில் வாங்கிய மாத்திரை எந்தக் கொப்பியிலும் இல்லையே, டொக்டருக்கு எப்படித் தெரியும்? அவர் பிரஷர் ஏன் இறங்கவில்லை என்று இன்னொரு மாத்திரை கூட்டி எழுதுகிறார்.

இன்னொன்று. சொல்ல வெட்கப்படுகிற விஷயம், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். பிரஷருக்குத் தருகிற சில மாத்திரை அடிக்கடி சிறுநீர் கழிக்க வைக்கும். மெட்போமின் சிலருக்கு வயிற்றைக் கலக்கும். மலையில் கக்கூஸ் எங்கே இருக்கிறது? எங்கள் தாய்மார் வேலை நாளில் அந்த மாத்திரையைப் போடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடுகிறார்கள். தண்ணீரும் குடிப்பதில்லை. இதைக் கேட்டால் "தோட்டத்து ஆட்களுக்கு விளக்கம் போதாது" என்பார்கள். விளக்கம் நன்றாகவே இருக்கிறது. இல்லாதது கக்கூஸ்.

மருந்து இல்லாமல் போனதையும் பார்த்தோம். 2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது ஒரு மாத்திரையை இரண்டாக உடைத்துப் போட்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள்.

சீனி நாட்பட்டால் காலில் உணர்ச்சி குறையும். அட்டை கடித்ததும் கல் கிழித்ததும் தெரியாது. இரவில் காலைக் கழுவித் துடைத்து, அடிப்பாதத்தையும் விரல் இடுக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். கண் தெரியாதவருக்குப் பிள்ளைகள் பார்க்கட்டும். சீனி மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் மலை ஏறியவருக்கு உடம்பு நடுங்கி, வியர்த்துக் கொட்டினால், பித்தம் என்று சும்மா இருக்க வேண்டாம். நினைவு இருந்தால் உடனே சீனி கரைத்துக் கொடுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 1990 க்கு அழையுங்கள். சுவ செரிய வண்டிக்குக் காசு இல்லை.

இரத்தக் குறைவு உள்ளவர்கள் ரொட்டியோடு சாயத் தண்ணி குடித்தால், சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வது குறையும். இரும்பு மாத்திரைக்கும் அதே கதைதான். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். (நாங்களே தேயிலையைக் குறை சொல்கிறோம் என்று தொரைமார் கோபிக்க வேண்டாம்!) எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

இனி சங்கத்தின் வேலைக்கு வருகிறோம். கிளினிக் கொப்பியில் அன்றைய திகதியைக் காட்டினால் அந்த நாளுக்குப் பேர் போட வேண்டும் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்கப் போகிறோம். கொழுந்து எடுக்கிற ஒவ்வொரு மலைக்கும் கிட்ட ஒரு கக்கூஸும் தண்ணீரும் கேட்கப் போகிறோம். வைத்தியசாலைகளிடம், ஒரே ஆளுக்கு உரிய கிளினிக்குகளை முடிந்தவரை ஒரே நாளில் வைக்கும்படியும், தமிழில் சொல்ல ஓர் ஆளை வைக்கும்படியும் கேட்போம். இது தயவு கேட்பதல்ல. 1987 இன் 13 ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி.

இதற்கு எங்களுக்குக் கணக்கு வேண்டும். அடுத்த ஞாயிறு கூட்டத்துக்கு வரும்போது வீட்டிலுள்ள எல்லாக் கிளினிக் கொப்பிகளையும், கடையில் வாங்குகிற மாத்திரை அட்டையையும் ஒரே பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். ஒவ்வொருவருடைய மருந்தையும் ஒரே தாளில் எழுதித் தருகிறோம். அந்தத் தாளை எந்தக் கிளினிக் போனாலும் முதலில் காட்டுங்கள். மாதத்தில் எத்தனை பேர் இழந்தீர்கள் என்பதையும் அன்றைக்கே எழுதிக்கொள்வோம். பிள்ளைகளை வாசிக்கக் கூட்டி வர வேண்டாம், நாங்கள் வாசிக்கிறோம்.