நடுவில் நிற்பவர் யார்?

(ஓசூரில் மாணவர்களும் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஓசூர்ச் சேரியில் வளர்ற நம்ம பிள்ளைக்கு மூணு நாலு பாஷை சாதாரணமா வரும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ, பள்ளியில் தமிழ், சந்தையில் உருது. சிப்காட் பக்கம் போனால் இந்தியும் ஒடியாவும் காதில் விழுகிறது. இந்தச் சனத்தைத்தான் ‘ஒண்ணும் தெரியாதவங்க’ என்கிறார்கள். சரி, போலீஸ் ஸ்டேஷனில் நாம பேசுறதை அதிகாரிக்கு எடுத்துச் சொல்பவர் யார்?

தெலுங்கு பேசும் அருந்ததியப் பெண் ஒருத்தி புகார் கொடுக்கப் போகிறாள் என்று வையுங்கள். ஏட்டுக்குத் தெலுங்கு தெரியாது. பக்கத்தில் நிற்கிற ஊர்ப் பெரியவரைக் கூப்பிடுகிறார். “சாதிப் பேரைச் சொல்லி நடுத்தெருவுல திட்டினான்” என்கிறாள் அவள். பெரியவர் தமிழில் சொல்கிறார்: “ஏதோ வாய்த்தகராறு சார்.”

வழக்கு அங்கேயே பாதி செத்துப்போச்சு. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2015 திருத்தத்துக்குப் பின், பொதுப் பார்வையில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதை 3(1)(எஸ்) பிரிவில் தனிக் குற்றமாக வைத்திருக்கிறது. அந்தச் சொல்லும் அந்த இடமும்தான் வழக்கின் உயிர். இரண்டையும் விழுங்கியவர் மொழிபெயர்த்தவர். திட்டியவனும் ஊர், பெயர்த்தவரும் ஊர்.

கோர்ட்டில் இதற்குக் கட்டு உண்டு. சாட்சியம் வேறு பாஷையில் பதிவானால், சாட்சிக்குப் புரிகிற பாஷையில் அதை விளக்க வேண்டும். பிரமாணம் எடுத்த மொழிபெயர்ப்பாளர் தெரிந்தே மாற்றிச் சொன்னால் அது பொய்ச்சாட்சி. 1860 தண்டனைச் சட்டத்தின் 191ஆம் பிரிவு அப்படித்தான் சொன்னது. 2024 ஜூலை 1இல் நடப்புக்கு வந்த நியாய சன்ஹிதாவில் அதுவே 227ஆம் பிரிவு. ஆனால் ஸ்டேஷனில் நிற்கிற பெரியவர் எந்தப் பிரமாணமும் எடுக்கவில்லையே!

மொழிபெயர்ப்பு நம்மைச் சேர்த்தும் வைத்திருக்கிறது. அம்பேத்கரின் 1936 சாதி ஒழிப்பு உரையைக் ‘குடிஅரசு’ தமிழில் தந்தது. சித்தலிங்கையாவின் கன்னடத் தன்வரலாற்றைப் பாவண்ணன் ‘ஊரும் சேரியும்’ என்று தமிழாக்கினார். எல்லைக்கு அந்தப் பக்கமும் அதே ஊர், அதே சேரிதான் என்று அதில் படித்தோம்.

ஆகவே தோழர்களே, புகார் கொடுக்கப் போகிறவங்களோடு ரெண்டு பாஷையும் தெரிந்த நம்ம ஆள் ஒருத்தர் போகணும். திட்டின சொல் எந்த பாஷையில் வந்ததோ அப்படியே எழுதச் சொல்லணும். எழுதியதைப் படித்துக் காட்டணும் என்பது சட்டம். புரியாத பாஷையில் படித்தால் அது படித்ததாகுமா? புரியும்வரை கைநாட்டு வைக்கக் கூடாது. 1987 சட்டப்படி பட்டியல் சாதியார், பழங்குடியினர் எல்லாருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அங்கே மொழிபெயர்ப்பாளரையும் கேளுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் வந்த பாஷையை மறைக்காதீங்க. அதை எழுதப் படிக்கவும் கத்துக்கிட்டு, மொழிபெயர்ப்பை ஒரு தொழிலா எடுங்க. நாளைக்கு பிரஸ் மெஷினில் விரல் போன ஒடியாத் தொழிலாளி, தனக்குப் புரியாத தமிழ்க் காகிதத்தில் கையெழுத்துப் போட நிற்பான். கான்ட்ராக்டர் பேச்சை நம்பி அவன் போடுவதற்கு முன்னால், அவன் பக்கத்தில் நீங்கள் நிற்க வேண்டும்.