எலும்பு காட்டும் இனம்

சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் தமிழன்பர்களுக்கு ஓணானையும் பல்லியையும் யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டுவதில்லை. வேலியில் தலையாட்டும் ஓணான், சுவரில் ஒலித்துச் சகுனம் சொல்லும் பல்லி, சருகுக்குள் வழுக்கிச் செல்லும் அரணை, புதரில் மறையும் உடும்பு ஆகிய நான்கையும் சிறுவர்கூடப் பிரித்தறிவர். நிறம், செதில், நடை, ஒலி இவற்றைக் கொண்டே அவ்வாறு அறிகிறோம். பிராணி இறந்தபின் இவற்றுள் ஒன்றும் நிலைப்பதில்லை. எஞ்சுவது எலும்பே. நேற்றுப் பருந்து தின்று போட்ட எலும்பாயினும், பல கோடி ஆண்டுகள் பாறைக்குள் கிடந்து கல்லாகிப்போன எலும்பாயினும், அதைக் கையிலெடுத்து 'இஃது இன்ன பிராணியுடையது' என்று சொல்வது எங்ஙனம்? இன்று இதனையே ஆராயப் புகுகிறோம்.

திருமலையிலிருந்தே தொடங்குவோம். இம்மலைச் சாரலின் பாறையிடுக்குகளில் பொன்னிறப் பல்லி ஒன்று வாழ்கிறது. தெலுங்கில் அதனைப் 'பங்காரு பல்லி' என்பர். சென்னை மாகாணத்தில் படையிலும் பின்னர் வனத்துறையிலும் பணியாற்றிய ரிச்சர்டு ஹென்றி பெடோம் 1870-இல் அதற்குப் பெயரிட்டு விவரித்தார். அதன்பின் நெடுங்காலம் அதைப் பற்றிய செய்தி மிக அருகிப்போயிற்று. 1986-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆராய்ச்சி ஏட்டில், அது மீண்டும் கண்டறியப்பட்ட செய்தி வெளியாயிற்று. அதற்கு மிக நெருங்கிய உறவான மற்றொரு பல்லி கடலுக்கு அப்பால் இலங்கையில் உள்ளது. தெரணியகல என்னும் அறிஞர் 1953-இல் அதனை விவரித்தார். அறிஞர் ஏற்றுக்கொண்டுள்ளபடி இக்குலத்தில் உலகெங்கும் இவ்விரண்டே உள. காஞ்சிபுரத்தில் பொற்பல்லியைத் தொட்டு வணங்கிய நம்மவர்கள், உயிருள்ள பொற்பல்லி திருமலையில் இருப்பதை அறிந்தால் மகிழ்வர் என்பதில் ஐயமில்லை.

ஆனால் பொன்னிறம் எலும்பில் இல்லை. எலும்பில் இருப்பவை வேறு அடையாளங்கள். ஓணானின் மண்டையோட்டில் கண்குழிக்குப் பின்னே ஓர் எலும்பு வளைவு காணப்படும். பல்லிக்கு அவ்வளைவு இல்லை. முதுகெலும்பிலும் வேற்றுமை உண்டு. ஓணான், அரணை, உடும்பு ஆகியவற்றின் முதுகெலும்புக் கண்ணி ஒவ்வொன்றிலும் முன்புறம் ஒரு குழி, பின்புறம் ஒரு குமிழ். ஒன்றன் குமிழ் அடுத்ததன் குழியில், கிண்ணத்தில் பந்துபோல் பொருந்தும். பல்லிகளுள் பெரும்பாலானவற்றிற்கோ இருபுறமும் குழியே. எனவே கடுகளவு கண்ணி ஒன்று கிடைத்தாலும், அது பல்லியினுடையதாயிருக்கக்கூடும் என்று சொல்ல இடமுண்டு.

திருமலைப் பாறையிலேயே பண்டைப் பல்லியின் எலும்பைத் தேடலாகாதா என்று நேயர்கள் கேட்கலாம். தேடிப் பயனில்லை. அப்பாறைகள் படிந்து நூறு கோடி ஆண்டுகளுக்கு மேலாயின. அக்காலத்தில் பல்லியுமில்லை, எலும்புள்ள எந்தப் பிராணியுமில்லை. பல்லி அப்பாறையின்மேல் வாழ்கிறது, அதனுள்ளே கிடைக்காது.

பழைய படிவுகளில் பெரும்பாலும் கிடைப்பவை தாடைத் துண்டுகள். பல் பொருந்திய தாடை உறுதியானது, எளிதில் அழியாது. நல்வினையாக, இனத்தைக் காட்டுவதிலும் தாடையே முதன்மையானது. பல்லி, அரணை, உடும்பு ஆகியவற்றின் பற்கள் தாடையெலும்பின் உட்சுவரில் சாய்ந்து ஒட்டியிருக்கும். ஒரு பல் விழுந்தால் மற்றொன்று முளைக்கும். வாழ்நாள் முழுதும் இது நிகழும். ஓணானுக்கும் பச்சோந்திக்கும் அவ்வாறன்று. பற்கள் தாடையின் மேல்விளிம்போடு ஒன்றாய் இறுகி நிற்கும். மதிற்சுவரின் உட்புறம் சாய்த்து வைத்த கழிகளைப் போன்றவை முன்னவை. மதிலின் உச்சியில் பதித்த கண்ணாடிச் சில்லுகளைப் போன்றவை பின்னவை. விளிம்பில் இறுகிய பல் தேய்ந்தால் தேய்ந்ததுதான். மாற்றுப் பல் வருவதில்லை. தாடை வளர வளரப் பின்பக்கத்தில் புதுப் பற்கள் சேரும். ஆதலால் கிழ ஓணானின் தாடையில் முன்பற்கள் மழுங்கியும் பின்பற்கள் கூர்மையாகவும் இருப்பதைக் காணலாம்.

நிறம் மாறுகிறது என்பதற்காகச் சாதாரண ஓணானையே பச்சோந்தி என்று அழைக்கும் வழக்கம் நம்மிடையே உள்ளது. எலும்பைக் கேட்டால் இக்குழப்பம் நொடியில் தீரும். ஓணானின் வாயில், முன்னே ஓரிரு பற்கள் மட்டும் விளிம்பில் இறுகாமல், கோரைப்பல்போல் தனித்து நிற்கும். பச்சோந்திக்கு அவை இல்லை. பச்சோந்தியின் பாதத்தில் விரல்கள் இரண்டும் மூன்றுமாகக் கட்டுப்பட்டு இடுக்கிபோல் அமைந்திருக்கும். இனி, வயல்வெளிகளில் தொண்டையை விசிறிபோல் விரித்துக் காட்டும் சிற்றோணானைப் பாருங்கள். பிரெஞ்சு அறிஞர் குவியே 1829-இல் புதுச்சேரியின் பெயராலேயே அதற்குப் பெயர் வைத்தார். விசிறியைக் காணாமலே அதன் குலத்தைக் கூறலாம். பின்காலில் ஐந்துக்குப் பதிலாக நான்கு விரல்களே இருக்கும்.

இவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொண்டே வரும்போது, எல்லாம் எளிது என்ற எண்ணம் எழக்கூடும். அது சரியன்று. குடும்பத்தைச் சொல்வது எளிது. குலத்தைச் சொல்வது அரிது. இனத்தைச் சொல்வதோ பலபொழுது இயலாதது. ஒரே இனத்திலும் குட்டிக்கும் கிழத்திற்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் எலும்பு வேறுபடும். ஓர் எலும்புக்கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒப்பிடுபவர், வயதின் வேற்றுமையை இனத்தின் வேற்றுமை என மயங்குவர். மேலும், உயிருள்ள பல்லியினங்களைப் பிரித்தவர்கள் பெரும்பாலும் தோலையும் செதிலையும் எண்ணிப் பிரித்தார்களேயன்றி எலும்பைப் பார்த்தல்லர். இதனால் புதைந்த எலும்பை ஒப்பிட முற்படும்போது கையில் அளவுகோல் இல்லாமற் போகிறது. இக்காலத்தில் ஊடுகதிர் கொண்டு, பாட்டிலில் ஊறும் பழைய மாதிரியைக் கீறாமலே அதன் எலும்பைப் படமெடுக்கிறார்கள். இக்குறை மெல்லக் குறைந்து வருகிறது.

ஆந்திரத்திலேயே ஒரு நல்ல சான்றுண்டு. அந்நாளில் கர்நூல் மாவட்டத்திலிருந்த பில்லசுர்க்கம் குகைகளில் ராபர்ட் புரூஸ் புட்டும் அவர் மகனும் 1880-களில் அகழ்ந்தெடுத்த எலும்புகளை, லைடெக்கர் 1886-இல் ஆராய்ந்து வெளியிட்டார். அவற்றுள் உடும்பும் இருந்தது. உடும்பின் முதுகெலும்புக் கண்ணி தனித்தன்மையுடையது. பின்புறக் குமிழுக்கு முன்னால் இடைபோல் ஒடுங்கியிருக்கும். குமிழ் நேரே பின்னோக்காமல் சற்றே மேல்நோக்கும். இவ்விரண்டையும் ஒருசேரக் கண்டால், உடும்பு என்று துணியலாம்.

துணிவதில் எத்துணை எச்சரிக்கை வேண்டும் என்பதற்கு மத்தியப் பிரதேசம் ஓர் எடுத்துக்காட்டுத் தந்தது. அம்மாநிலத்தில் டிக்கி என்னும் ஊரின் பெயர் கொண்ட பாறைத்தொகுதி ஏறத்தாழ 22 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. அங்கே கிடைத்த சிறு கீழ்த்தாடை ஒன்றை ஆராய்ந்த தத்தா, ரே என்னும் இந்திய அறிஞர் இருவர், 2006-இல் அதற்கு டிக்கிகுவானியா எஸ்டெசி என்று பெயரிட்டனர். புதைந்த ஓணானினங்களைத் தொகுத்தாராய்ந்த ரிச்சர்டு எஸ்டெஸ் என்னும் அமெரிக்கரின் நினைவாக அமைந்தது பின்பாதி. தாடையின் பற்கள் விளிம்பில் இறுகியவை. ஆகவே ஓணான் வகை. உலகத்தில் அதுவரை அறியப்பட்டவற்றுள் மிகப் பழையது இதுவே என்று அவர்கள் கருதினர்.

இது சிறு செய்தியன்று. ஓணானின் கிளை 22 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டதென்றால், அதற்கு முன் பிரிந்திருக்க வேண்டிய பல்லி முதலியவற்றின் கிளைகளும் அதனினும் பழமையானவை ஆகும். பாம்பு வரையில் எல்லாக் கிளைகளின் காலக்கணக்கையும் பின்னுக்குத் தள்ளவேண்டும். ஒரு விரலிடையில் அடங்கும் எலும்பின்மேல் இத்தனை கணக்கும் ஏறிற்று.

2012-இல் ஹட்சின்சன், ஸ்கின்னர், லீ என்போர் இதனை மறுத்தெழுதினர். அவர்கள் செய்தது எளிய காரியம். இன்று ஆசியாவில் உயிர்வாழும் ஓணான்களின் தாடைகளை அருகே வைத்து ஒப்பிட்டார்கள். பண்டைக்காலத்துக்குரிய தனிக்கூறு யாதும் காணப்படவில்லை; நம் வேலிகளில் திரியும் ஓணான் கூட்டத்தாரின் தாடையினின்றும் அதனைப் பிரிக்க முடியவில்லை. இருபத்திரண்டு கோடி ஆண்டுகளில் சற்றும் மாறாத தாடை என்பதை ஏற்பதைவிட, பிற்காலத்து ஓணான் ஒன்றன் எலும்பு பழைய மண்ணிற் கலந்தது என்பதே பொருந்தும் என்று முடித்தனர். நமக்கும் இம்முடிவே ஏற்புடையதாகத் தோன்றுகிறது. முதலில் எழுதியவர்களைக் குறைகூற இதில் ஒன்றுமில்லை. அவர்கள் ஓணான் என்றது உண்மை, காலத்திலேதான் வழக்கு.

மற்றொரு வழக்கு இன்னும் தீரவில்லை. 2002-இல் சூசன் எவன்ஸ், பிரசாத், மன்ஹாஸ் என்போர் பாரதகாமா ரெப்பனென்சிஸ் என்ற பிராணியை விவரித்தனர். அப்போது ஆந்திரத்திலும் 2014 முதல் தெலங்கானாவிலும் உள்ள ரெப்பனா என்ற ஊரின் பெயரால் அமைந்தது அது. ஜுராசிக் காலத்துக் கோட்டா படிவிலிருந்து கிடைத்தது. இங்கே காலத்தில் ஐயமில்லை, இனத்திலேதான் ஐயம். விளிம்பில் இறுகிய பற்கள் ஓணானுக்கு மட்டும் உரியவை அல்ல. நியூசிலாந்தில் மட்டும் எஞ்சியுள்ள டுவாட்டாராவின் பண்டைக் குடும்பத்தார்க்கும் அவை உண்டு. ஆகவே, இவை ஓணானின் முன்னோருடையவையா, டுவாட்டாராவின் உறவினருடையவையா என்று சில அறிஞர் வினவுகின்றனர். அந்நூலாசிரியர்கள் விவரித்தவை தாடைத் துண்டுகளே. தாடையை மண்டையோட்டோடு இணைக்கும் சதுர எலும்பு ஓணானில் அசையும். டுவாட்டாராவில் அசையாமல் இறுகியிருக்கும். ரெப்பனா மண்ணிலிருந்து அவ்வெலும்பு ஒன்று, பக்கத்து எலும்புகளோடு சேர்ந்து முழுமையாகக் கிடைத்தால் இவ்வழக்கு தீரக்கூடும்.