மட்டக்குறி
(சங்கக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



“பெஞ்ச்மார்க்” என்னும் ஆங்கிலச் சொல் இக்காலத்தில் வங்கியிலும் வைத்தியசாலையிலும் பல்கலைக்கழகத்திலும் ஓயாது வழங்குகின்றது. அதன் பொருளையும் பயனையும் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். கற்றோர் நிறைந்த இவ்வவையில் என் சிற்றறிவுக்கு எட்டியவற்றைக் கூற முனைகின்றேன்.

இச்சொல் பிறந்த இடம் நில அளவையாகும். அளவையாளர், அசையாத கல்லிலோ சுவரிலோ உளியினாற் கிடையாக ஒரு கோடு வெட்டுவர். அக்கோட்டிலே ஓர் இரும்புத் தகட்டைச் செருகினால் அது சிறியதொரு வாங்குபோல நிற்கும். அதன்மேல் அளவுகோலை நிறுத்தி உயரம் காண்பர். வாங்குக்கு இடமான குறி ஆதலின் அப்பெயர் வந்தது. நாம் அதனை மட்டக்குறி என்போம். பீதுருதாலகாலை மலையின் உயரம் 2,524 மீற்றர் எனப் பாடசாலையிற் படித்தோம். எங்கிருந்து அளந்த உயரம்? சராசரிக் கடல் மட்டத்திலிருந்து. அந்த ஆதாரம் இல்லையேல் அவ்விலக்கத்துக்குப் பொருளே இல்லை.

இக்கருத்து நமக்குப் புதிதன்று. பொற்கொல்லர் நகையை உரைகல்லில் உரைத்துவிட்டு, மாற்று அறிந்த உரையாணியையும் அதன் அருகே உரைத்து, இரு கோடுகளையும் ஒப்பு நோக்குவார். உரையாணி ஐயமற்றதாயின் தீர்ப்பும் ஐயமற்றதாகும்.

வணிக உலகில் இம்முறையைப் புகழ்பெறச் செய்தது அமெரிக்காவின் செரொக்ஸ் நிறுவனம். பிரதி எடுக்கும் இயந்திரத்தில் ஒரு காலத்தில் அதற்கு நிகரில்லை. 1970களின் பிற்பகுதியில் ஜப்பானிய இயந்திரங்கள் மிகக் குறைந்த விலைக்கு வந்து சேர்ந்தன. 1979ஆம் ஆண்டு முதல் அந்நிறுவனத்தார் தம் வேலைமுறைகளைப் பிறருடைய முறைகளோடு வரிசையாக ஒப்பிடத் தொடங்கினர். போட்டியாளரோடு அவர்கள் நின்றுவிடவில்லை. களஞ்சியத்திலிருந்து பொருள்களை விரைவாக எடுத்தனுப்பும் வித்தையைக் கற்க, தபால்மூலம் உடைகளும் பாதணிகளும் விற்ற எல். எல். பீன் என்னும் நிறுவனத்தை நாடிச் சென்றனர். “அவன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறான்?” என்று கேட்டதோடு, “எப்படி ஏறினான்?” என்றும் விசாரித்தார்கள். பின்னைய கேள்வியிலேதான் பயன் முழுவதும் அடங்கியுள்ளது.

ஆயினும், குறியே பிழையானால் யாது நேரும்? மருத்துவமாது குழந்தையை நிறுத்து, பதிவேட்டிலுள்ள வளைகோட்டின் அருகே புள்ளியிடுவதை நாம் கண்டிருக்கிறோம். முன்பு பல நாடுகளில் வழங்கிய வளர்ச்சி அட்டவணை, அமெரிக்கக் குழந்தைகளை அளந்து அமைத்ததாகும். அவர்களிற் கைக்குழந்தைகள் பெரும்பாலும் புட்டிப்பால் அருந்தியவர்கள். தாய்ப்பாலுண்ணும் குழந்தை முதற் சில மாதங்களின் பின் சற்று மெதுவாகவே நிறை கூடும். ஆகவே நலமான குழந்தைகூட அவ்வட்டவணையிற் பின்தங்கியதுபோலத் தோன்றும். தாய் தன் பால் போதாதென்று கலங்கிப் புட்டியை எடுக்கவும் ஏதுவாகும். குறை குழந்தையிடத்தில் இருக்கவில்லை, குறியில் இருந்தது.

இதனை உணர்ந்த உலக சுகாதார ஸ்தாபனம், 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளிலே தாய்ப்பாலும் நல்ல பராமரிப்பும் பெற்ற ஏறக்குறைய 8,500 குழந்தைகளை ஆராய்ந்து, 2006இல் புதிய அளவை வெளியிட்டது. நல்ல சூழ்நிலை வாய்த்தால் எந்நாட்டுக் குழந்தையும் தொடக்க ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரே விதமாகவே வளரும் என்பதும் அப்போது தெளிவாயிற்று.

இன்னொரு கேடும் உண்டு. அளவைத் தேறுவதே நோக்கமாகிவிட்டால் அளவு தன் உயிரை இழந்துவிடும். வொக்ஸ்வாகன் நிறுவனம் தன் டீசற் கார்களுட் பல இலட்சக்கணக்கானவற்றில், புகைச் சோதனை நடப்பதை அறிந்து அப்போது மட்டும் நச்சுப் புகையைக் குறைக்கும் உபாயத்தைப் பொருத்தியிருந்தமை 2015இல் வெளியாயிற்று. சோதனைச் சாலையிற் சித்தி. வீதியிலே நச்சுப் புகை! நண்பர்களே, சிரிக்க வேண்டாம். வரக்கூடிய வினாக்களை ஊகித்து, விடைகளை மட்டும் மனனம் செய்து பரீட்சைக்குச் செல்லும் மாணவர் செய்வதும் இதுவேயன்றோ? பரீட்சைப் புள்ளி அறிவை அளக்க வந்த குறி. அறிவின் இடத்தை அது பிடித்துக்கொள்ளலாகாது.

பெரியோர்களிடத்தும் ஒரு விண்ணப்பம், பொறுத்தருள்க. “பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்” என்று நீங்கள் கூறுவது அன்பினாலேயே. ஆயினும் அப்பிள்ளையின் புள்ளியை மட்டும் காட்டினால் எம்மிடம் வெட்கமே மிஞ்சும். அவன் எந்நேரம் படிக்கிறான், விளங்காததை யாரிடம் கேட்கிறான் என்பவற்றையும் காட்டுவீர்களாயின் எமக்கு வழி பிறக்கும். இளைஞராகிய நாமும், நம்மிலும் குறைந்தவரைப் பார்த்து உயர்ந்துவிட்டோம் என மகிழ்தல் தகாது. அது பள்ளத்தில் மட்டக்குறி வெட்டிவிட்டு, மேட்டில் நிற்கிறோம் என்பது போலாகும்.

எனவே ஒப்பிடும்போதெல்லாம், எதனை அளக்கின்றோம், யாரோடு ஒப்பிடுகின்றோம், கண்ட வேற்றுமையைக் கொண்டு நாளை என்ன செய்யப்போகின்றோம் என்று வினவிக்கொள்வோமாக. கடைசி வினாவுக்கு விடை இல்லையெனில் ஒப்பிடாதிருப்பதே மேல்.