விறகின் அளவும் விலையின் நியாயமும்

   

நமது ஊர்களில் விறகு என்பது சமையலுக்கு உரிய பொருள். நுவரெலியா போன்ற குளிர்ப் பிரதேசங்களை விட்டால், வீட்டைச் சூடாக்குவதற்கென விறகு வாங்கும் தேவை நமக்கு இல்லை. ஆயினும் நமது பிள்ளைகள் பலர் இன்று கனடா, இங்கிலாந்து, அமெரிக்கா முதலிய நாடுகளில் குடும்பத்தோடு வாழ்கின்றனர். கல்விக்காகவும் தொழிலுக்காகவும் அங்கே செல்ல ஆயத்தமாகும் வாலிபர்கள் உங்களுள்ளும் இருக்கலாம். அந்நாடுகளின் கிராமப்புறங்களில் விறகினால் வீட்டைச் சூடாக்குவோர் இன்னும் அநேகர். அவ்விறகின் அளவையும் விலையையும் விளங்கிக்கொள்வது எவ்வாறு என்பதே இன்றைய உரையின் பொருளாகும்.

இதை மார்க்க உரையில் பேசுவானேன் எனச் சிலர் வியக்கக்கூடும். அல்குர்ஆனின் 83ஆம் ஸூராவாகிய அல்முதஃப்பிஃபீன், அளவையில் மோசம் செய்வோரின் பெயராலேயே அமைந்தது. தாம் வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்போரை அது வன்மையாகக் கண்டிக்கிறது. ஷுஐப் (அலை) அவர்கள் மத்யன்வாசிகளுக்கு ஏகத்துவத்தைப் போதித்தபோது, அதனுடன் சேர்த்துப் போதித்ததும் நிறைவான அளவையைத்தான். எனவே அளவை அறிவது உலக விவகாரம் மட்டுமன்று.

சகோதரர்களே! வட அமெரிக்காவில் விறகின் அளவுக்குக் ‘கோட்’ என்று பெயர். கயிறு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் அது. 4 அடி உயரம், 4 அடி அகலம், 8 அடி நீளமாக நெருக்கி அடுக்கிய குவியலே ஒரு கோட். அதாவது 128 கன அடி, ஏறத்தாழ 3.6 கன மீற்றர். கட்டைகளுக்கு இடையே காற்று நிற்குமாதலால், அதனுள் உள்ள மரம் ஏறத்தாழ 80 முதல் 90 கன அடியே தேறும். இது குறையன்று, அடுக்கிய விறகின் இயல்பு.

குழப்பம் இனித்தான் வருகிறது. ‘பேஸ் கோட்’ என்று இன்னொரு சொல் வழங்குகிறது. அதன் முகப்பு 4 அடி உயரமும் 8 அடி நீளமும் உடையது. ஆனால் அதன் ஆழமோ ஒரு கட்டையின் நீளம் மட்டுமே. கட்டை 16 அங்குலமாயின் அது கோட்டில் மூன்றில் ஒரு பங்கு. 12 அங்குலமாயின் நான்கில் ஒரு பங்குதான். முன்னால் நின்று பார்ப்பவனுக்கு இரண்டும் ஒரே தோற்றம்! இதனாலேயே அமெரிக்காவின் பல மாநிலங்களில் கோட் அல்லது அதன் பின்னத்தில் மட்டுமே விறகை விற்கலாம் என்பது சட்டமாக உள்ளது. ‘ஒரு லொறி’, ‘ஒரு குவியல்’ என்பன அங்கே அளவாகக் கொள்ளப்படுவதில்லை.

ஓர் உதாரணத்தைப் பாருங்கள். ஒருவர் 16 அங்குலக் கட்டைகளைப் பேஸ் கோட் ஒன்று 150 டொலர் என்கிறார். மற்றவர் முழுக் கோட் 400 டொலர் என்கிறார். முன்னவரே மலிவெனத் தோன்றும். ஆனால் முன்னவரிடம் முழுக் கோட் ஒன்றைப் பெற மூன்று மடங்கு, அதாவது 450 டொலர் கொடுக்க வேண்டும். ஆகவே பெயரைக் கேட்டு விலையை ஒப்பிடாதீர்கள். உயரம், நீளம், கட்டையின் நீளம் ஆகிய மூன்றையும் கேளுங்கள். பெருக்கிக் கன அடியைக் காணுங்கள். விலையை அதனால் வகுத்துப் பாருங்கள். விறகு வந்திறங்கியதும் அதை அடுக்கி, அளந்து பார்த்த பின்னரே எரிக்கத் தொடங்குங்கள். எரிந்த விறகை எவராலும் அளக்க முடியாது.

இங்கிலாந்தில் விறகு பெரும்பாலும் கன மீற்றரிலும் பெரிய பைகளிலும் விற்கப்படுகிறது. பைகள் யாவும் ஒரே அளவின அல்ல. மேலும், அடுக்கிய ஒரு கன மீற்றர் விறகைக் கொட்டிக் குவித்தால் ஏறத்தாழ ஒன்றரைக் கன மீற்றர் இடத்தைப் பிடிக்கும். அடுக்கியதா, கொட்டியதா என்பதைக் கேளாமல் விலை பேச வேண்டாம்.

நேயர்களே! அளவு சரியாயினும் ஈரம் ஒன்று உண்டு. புதிதாக வெட்டிய மரத்தின் நிறையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். அத்தகைய 1000 கிலோ விறகு, ஈரப்பதன் 20 சதவீதமாகும்வரை உலர்ந்தால் 625 கிலோவாகிவிடும். பச்சை விறகை நிறைக்கு வாங்குபவர் தண்ணீருக்கே பணம் செலுத்துகிறார். அதை எரிக்கும்போது வெப்பத்தின் ஒரு பகுதி அத்தண்ணீரை ஆவியாக்குவதில் வீணாகிறது. அது மட்டுமன்று. ஈர விறகின் புகை புகைபோக்கியினுள் தார் போன்று படிகிறது. அப்படிவு தீப்பற்றினால் வீடே எரியக்கூடும். குழந்தைகள் உறங்கும் வீட்டில் இது சிறிய விடயமா? இங்கிலாந்தில் 2021 மே 1 முதல், 2 கன மீற்றருக்குக் குறைவாக விற்கும் விறகின் ஈரப்பதன் 20 சதவீதத்துக்கு மேற்படலாகாது எனச் சட்டம் வந்தது. ஈரமானிக் கருவியால் சோதிப்பதாயின், கட்டையைப் புதிதாகப் பிளந்து அதன் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். வெளிப்புறம் காய்ந்திருப்பது போதிய சான்றன்று.

நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை சந்தையில் ஒரு தானியக் குவியலினுள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்க வேண்டாமா என நபியவர்கள் கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி. உலர்ந்த கட்டைகளை மேலே அடுக்கிப் பச்சைக் கட்டைகளை உள்ளே மறைப்பவருக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

கோடையிலேயே முற்பணம் கொடுத்துக் குளிர்காலத்துக்கு விறகு பதிவு செய்வோரும் உளர். மதீனாவாசிகள் பேரீத்தம் பழத்துக்கு ஓராண்டு, ஈராண்டு முன்னரே பணம் கொடுத்து வந்தனர். நபியவர்கள் அதைத் தடுக்கவில்லை. அளவும் நிறையும் தவணையும் தெளிவாக இருக்க வேண்டுமெனப் பணித்தார்கள். ஆகவே எத்தனை கன அடி, என்ன மரம், எவ்வளவு உலர்ந்தது, எந்த நாளில் வரும் என்பனவற்றை எழுதிப் பெற்றுக்கொள்ளுங்கள். நல்ல வியாபாரி இதனால் மனம் நோகமாட்டார். அவரது நேர்மைக்கு அதுவே பாதுகாப்பு.

இறுதியாக, வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. நமக்குக் குறைந்தால் கொதிக்கிறோம். கூடுதலாக வந்தால் மௌனமாகிறோம். ஒரு கோட்டுக்குப் பணம் கொடுத்து ஒன்றேகால் கோட் வந்திறங்கினால், விற்றவருக்கு அறிவியுங்கள். விறகு வெட்டி முதுகில் சுமந்து விற்பது, பிறரிடம் கையேந்துவதிலும் மேலானது என நபியவர்கள் சிறப்பித்த தொழில் அவருடையது. அவரது வியர்வையின் கூலியும் அந்த அளவுக்குள்தான் இருக்கிறது.

பெற்றோர்களே! தூர தேசத்துப் பிள்ளைகளுடன் அடுத்த முறை பேசும்போது, குளிருக்கு என்ன எரிக்கிறீர்கள், எப்படி அளந்து வாங்கினீர்கள், புகைபோக்கியைச் சுத்தம் செய்தீர்களா என்றும் கேளுங்கள்.

கொடுக்கும்போதும் வாங்கும்போதும் நிறைவாக அளக்கும் நன்மக்களாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.