புகையா, பனியா?



மணிமேகலைக் காப்பியத்தின் 29-ஆம் காதையைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். கதை அங்கே நின்றுவிடுகிறது. காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் காப்பிய நாயகி மணிமேகலைக்குத் தருக்கம் சொல்லிக்கொடுக்கிறார், அவ்வளவுதான். காப்பியத்துக்கு இது சுமை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு காதைக்கு முன்புதான், வஞ்சி நகரில், பத்துச் சமயவாதிகள் பேசியதை அவள் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். அத்தனையும் கேட்டவளுக்கு எடைபோட ஒரு தராசு வேண்டாமா? காப்பியத்தை இயற்றிய சாத்தனார் அதைச் சரியான இடத்தில்தான் வைத்திருக்கிறார்.

அடிகளின் தருக்கத்தில் சொல்ல வந்த கருத்துக்குப் பக்கம் என்று பெயர், அதற்குக் காட்டும் காரணம் ஏது, எடுத்துக்காட்டு திட்டாந்தம். மூன்றிலும் போலி, அதாவது பிழையான வகை, உண்டு. கருத்தில் 9, எடுத்துக்காட்டில் 10, காரணத்தில் மட்டும் 14. இந்தக் கணக்கே ஒரு பாடம். 'என் தாய் மலடி' என்று ஒருவர் சொன்னால் குழந்தைகூடப் பிடித்துவிடும். அது கருத்திலேயே உள்ள பிழை. காரணத்தில் ஒளிந்திருக்கும் பிழைதான் நம் கையில் சிக்காமல் நழுவுகிறது. முடிவு நமக்குப் பிடித்துவிட்டால், காரணத்தை யார் தட்டிப் பார்க்கிறோம்?

தூரத்தில் வெண்மையாக ஏதோ எழுகிறது. ஆவியோ பனியோ என்ற ஐயம் இன்னும் தீரவில்லை. அதற்குள் அதைப் புகை என்று வைத்துக்கொண்டு, அங்கே நெருப்பு இருக்கிறது என்று ஒருவர் துணிகிறார். அடிகள் காட்டும் போலிகளில் இது ஒன்று. புகை இருந்தால் நெருப்பு இருக்கும் என்பதில் தவறில்லை. அது புகைதானா என்பதே தெரியவில்லை. கைப்பேசியில் வரும் எத்தனையோ செய்திகள் இந்த வகை.

இன்னொன்று, காரணம் இரண்டு பக்கமும் செல்வது. ஒலி அழியக்கூடியது, ஏனென்றால் அது அறியப்படுகிறது என்று வாதிட்டால், குடமும் அறியப்படுகிறது, ஆகாயமும் அறியப்படுகிறதே என்கிறார் அடிகள். குடம் அழியும், ஆகாயமோ அழியாதது என்பது அந்த வாதத்தில் ஏற்றுக்கொண்ட செய்தி. நாமும் இப்படித்தான், 'கஷாயம் குடித்தேன், மூன்று நாளில் காய்ச்சல் விட்டது, ஆகவே கஷாயம்தான் கேட்டது' என்கிறோம். குடிக்காத பக்கத்து வீட்டுக்காரருக்கும் மூன்று நாளில்தானே விட்டது? கஷாயம் வீண் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காரணம் அதை நிறுவவில்லை என்றுதான் சொல்கிறேன். மெய்யான கருத்துக்கும் பொய்க் காரணம் சொல்ல முடியும்.

காரணமே எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொல்வதும் உண்டு. அதற்கு விருத்தம் என்று பெயர். 'எழுபது வருஷம் தாங்கிய பாலம், இனிமேலா விழப்போகிறது?' அந்த எழுபது வருஷம்தானே பயப்பட வேண்டிய காரணம்!

எல்லாவற்றிலும் நான் பெரிதாக மதிப்பது வேறொன்றை. காரணத்தை வாதி, எதிர்வாதி இருவரும் ஒப்பவேண்டும். ஒருவர் ஒப்பாவிட்டாலும் அது போலிதான். எதிரில் இருப்பவரை ஆளாக மதிக்கிற விதி இது. 'நீ யார் கேட்க?' என்று பாய்கிற இன்றைய தொலைக்காட்சி விவாதங்களில் பக்கமும் இல்லை, ஏதுவும் இல்லை. அடிகளின் தராசில் வைக்க அங்கே ஒன்றுமே இல்லை.

27-ஆம் காதையையும் 29-ஆம் காதையையும் நல்ல உரையோடு சேர்த்துப் படியுங்கள். கண்ணால் கண்டதைத் தவிர எதையும் ஏற்கமாட்டேன் என்ற பூதவாதியிடம், அனுமானம் இல்லாமல் உன் தாய் தந்தையரை எப்படி அறிந்தாய் என்று மணிமேகலையே கேட்டுவிடுகிறாள். மற்றச் சமயவாதிகள் காட்டிய காரணங்களை நீங்கள் சோதித்துப் பாருங்கள்.